‘தனியா போனா செத்தோம்!’ - ‘லெஃப்ட் 4 டெட்’ கேமை பழைய ரசிகர்கள் ஏன் இன்னும் விடவில்லை?

இருட்டான ஆஸ்பத்திரி. லிஃப்ட் பட்டனை அழுத்தியாச்சு. லிஃப்ட் வந்து சேர நேரமாகும். அதற்குள் சத்தம் கேட்டு கூட்டம் கூட்டமாக ஜாம்பிகள் ஓடிவரும். நான்கு பேரில் மூன்று பேர் ஒரு மூலையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நான்காவது ஆள் மட்டும், “பக்கத்து ரூம்ல மாத்திரை இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்” என்று கிளம்புகிறார்.

அவ்வளவுதான். எங்கிருந்தோ நீளமான ஒரு நாக்கு வந்து அவரைச் சுற்றி இழுக்கிறது. கையில் துப்பாக்கி இருக்கிறது, குண்டும் இருக்கிறது. ஆனால் எந்த பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. ஹெட்செட்டில் கத்தலாம், வேறு வழியில்லை. மற்ற மூவரில் ஒருவர் வந்து நாக்கை அறுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

‘லெஃப்ட் 4 டெட்’ விளையாடிய யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 2008 நவம்பரில் வெளியான கேம் இது. அடுத்த ஆண்டே 2-ம் பாகம் வந்தது. 3-ம் பாகம் இன்றுவரை வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஜாம்பி கேம்கள் வந்து போய்விட்டன. ஆனாலும் 2009-ல் வந்த அந்த 2-ம் பாகத்தை இன்றைக்கும் தினமும் ஆயிரக்கணக்கானோர் விளையாடுகிறார்கள். கிராபிக்ஸ் பழசு. கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. பிறகு என்னதான் இருக்கிறது இதில்?

கவுன்டர் ஸ்ட்ரைக் வீட்டுப் பிள்ளை

காலேஜ் ஹாஸ்டலில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடியவர்களுக்கு ‘பாட்’ என்றால் தெரியும். ஆள் கிடைக்காதபோது எதிர் டீமில் கம்ப்யூட்டரே ஆடும் பொம்மை வீரர்கள். அந்த பாட்களை உருவாக்கிய நிறுவனம் கலிஃபோர்னியாவின் டர்டில் ராக் ஸ்டூடியோஸ். அதை நிறுவியவர் மைக் பூத்.

பாட்களை வைத்து அவர்கள் ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் துப்பாக்கியோடு சில மனிதர்கள், அந்தப் பக்கம் கத்தி மட்டும் வைத்துக்கொண்டு பாய்ந்துவரும் பாட் கூட்டம். எதிரிக்கு மூளை கிடையாது, எண்ணிக்கைதான் பலம். அதுவே எதிர்பார்த்ததைவிட சுவாரசியமாக இருந்தது. கத்தி பிடித்த கூட்டம் ஜாம்பிக் கூட்டமாக மாற, ‘லெஃப்ட் 4 டெட்’ பிறந்தது. 2008 ஜனவரியில் டர்டில் ராக்கையே வால்வ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ‘ஸ்டீம்’ கடையை நடத்தும் அதே வால்வ்.

கதை ரொம்ப சிம்பிள். நோய் பரவிய அமெரிக்க ஊர்கள். உயிர் பிழைத்த நான்கு பேர். வியட்நாம் போரில் பங்கேற்ற முதியவர் பில், கல்லூரி மாணவி ஸோயி, ஆபீஸ் வேலையில் இருந்த லூயிஸ், எதைக் கேட்டாலும் ‘எனக்குப் பிடிக்காது’ என்கிற பைக்கர் ஃபிரான்சிஸ். ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறை வரை போக வேண்டும். கடைசியில் ஹெலிகாப்டரோ படகோ வரும், ஏறித் தப்ப வேண்டும். ஒவ்வொரு கதைக்கும் சினிமா போஸ்டர் உண்டு. முடிந்ததும் சினிமா மாதிரியே பெயர்ப் பட்டியல் ஓடும். ‘இந்தப் படத்தின் தயாரிப்பில் இத்தனை ஜாம்பிகள் துன்புறுத்தப்பட்டன’ என்று கணக்கும் வரும். வழியில் இறந்த பிளேயர் இருந்தால், அவர் நினைவாக என்று ஒரு வரியும் சேரும்.

ஒத்தை ஆளைத் தேடி வரும் ஜாம்பிகள்

சாதாரண ஜாம்பிகள் இந்த கேமில் பெரிய பிரச்சினையே இல்லை. உயிரை எடுப்பவை ‘ஸ்பெஷல்’ ஜாம்பிகள்தான். முதல் காட்சியில் நாக்கை நீட்டியது ‘ஸ்மோக்கர்’. ‘ஹன்டர்’ தூரத்திலிருந்து தாவி நெஞ்சின் மேல் உட்கார்ந்து கிழிக்கும். 2-ம் பாகத்தில் வந்த ‘ஜாக்கி’ தலையில் ஏறிக்கொண்டு, ஓடக் கூடாத பக்கமாக நம்மை ஓட்டிக்கொண்டு போகும். ‘சார்ஜர்’ ஒரே கையால் தூக்கிக்கொண்டு போய் தரையில் குத்து குத்தென்று குத்தும்.

இந்த நான்குக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. பிடியில் மாட்டியபின் நீங்களாக விடுபட முடியாது. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி, கூட இருப்பவர்தான் வந்து காப்பாற்ற வேண்டும். பெரும்பாலான ஷூட்டிங் கேம்களில் நன்றாகச் சுடுகிறவர் தனியாளாகவே ஜெயித்துவிடலாம், டீம் என்பது பேருக்குத்தான். இங்கே அந்தக் கதவை விதியே பூட்டிவிட்டது.

ஹெல்த் விஷயத்திலும் இதே கதைதான். ஹெல்த் தீர்ந்தால் உடனே சாவதில்லை, ‘டவுன்’ ஆகித் தரையில் விழுவீர்கள். படுத்தபடியே கைத்துப்பாக்கியால் சுடலாம், எழுந்திருக்க முடியாது. ஒருவர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அந்தச் சில விநாடிகள் தூக்கிவிடுகிறவரும் சுட முடியாது. அதாவது, உங்களைக் காப்பாற்ற அவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். மாடி விளிம்பில் தொங்கினாலும் இப்படித்தான். இரண்டு முறை விழுந்து எழுந்தால் திரை முழுக்க கறுப்பு வெள்ளையாகிவிடும், இதயத் துடிப்பு கேட்கும். சிகிச்சை எடுக்காமல் மூன்றாவது முறை விழுந்தால் மரணம்.

முதலுதவிப் பெட்டி ஒருவர் கையில் ஒன்றுதான் இருக்கும். அதை உங்களுக்கும் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் போடலாம். உங்கள் ஹெல்த் 45. கறுப்பு வெள்ளையில் நடந்துவரும் நண்பரின் ஹெல்த் 10. உங்களிடம் பெட்டி இருக்கிறது, அவரிடம் இல்லை. பாதுகாப்பு அறைக்கு இன்னும் பாதி வழி போக வேண்டும். யாருக்குப் போடுவீர்கள்? பழைய ரசிகர்கள் ஒரு கேமை நினைவு வைத்திருப்பது இப்படிப்பட்ட இடங்களால்தான். எத்தனை ஜாம்பி சுட்டோம் என்பது அன்று இரவே மறந்துவிடும். ‘அன்னைக்கு நீ எனக்குப் பெட்டி தராம விட்டவன்தானே’ என்பது வருஷக்கணக்கில் மறக்காது.

பிறகு, அந்த ‘விட்ச்’. எங்கோ ஒரு பெண் அழும் சத்தம். இருட்டில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருப்பாள். டார்ச்சை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல், தள்ளி நடந்தால் ஒன்றும் செய்ய மாட்டாள். நான்கு பேரில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துபோக, ஒருவர் டார்ச்சை அணைக்க மறந்தால் போதும். ‘எக்ஸ்பர்ட்’ லெவலில் சீண்டியவரை ஒரே அடியில் கொன்றுவிடுவாள். நிறுத்திவைத்திருக்கும் காரில் ஒரு குண்டு பட்டால் அலாரம் அடிக்கும், ஊரே திரண்டு வரும். ஒருத்தர் செய்யும் தப்புக்கு நாலு பேருக்கும் தண்டனை. இந்த கேமில் திகில் என்பது பாதிக்கு மேல், கூட இருக்கிறவர் என்ன செய்து தொலைக்கப் போகிறாரோ என்ற பயம்தான்.

திரைக்குப் பின்னால் ஒரு டைரக்டர்

ஒரே மேப்பை நூறு முறை ஆடினாலும் ஏன் சலிப்பதில்லை என்ற கேள்விக்கு ரசிகர்கள் சொல்லும் முதல் பதில் ‘ஏஐ டைரக்டர்’. இன்றைக்கு ஏஐ என்றாலே சாட்பாட் நினைவுக்கு வரும். இது அந்த வகை அல்ல. பிளேயர்களைக் கண்காணித்து எதை எப்போது அனுப்பலாம் என்று முடிவெடுக்கும் புரோகிராம்.

ஒவ்வொரு பிளேயருக்கும் ‘பதற்றம்’ எவ்வளவு என்று அது ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அடி வாங்கினால், டவுன் ஆனால், மிக அருகில் ஜாம்பியைச் சுட்டால் அந்த எண் ஏறும். சும்மா நடந்தால் மெதுவாக இறங்கும். பதற்றம் உச்சத்துக்குப் போனதும் டைரக்டர் சில விநாடிகள் அப்படியே விடும். பிறகு கூட்டத்தை நிறுத்திவிட்டு அரை நிமிடம், முக்கால் நிமிடம் மூச்சுவிட விடும். அதன் பின் மறுபடி ஆரம்பிக்கும்.

இதைப் பலரும் ‘கஷ்டப்பட்டால் ஈஸியாக்கிவிடும்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. அது அளப்பது கஷ்டத்தை இல்லை, வேகத்தை. ஒரு நல்ல பேய்ப் படத்தில் அலறலுக்குப் பின் ஒரு அமைதியான காட்சி வரும் இல்லையா, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. எந்த மூலையில் ஜாம்பி, எந்த அறையில் மாத்திரை, விட்ச் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். 2-ம் பாகத்தில் சில இடங்களில் வழியே மாறும். கல்லறைத் தோட்டத்தில் நேற்று திறந்திருந்த பாதை இன்று அடைத்திருக்கும்.

சத்தமும் இதில் சேர்த்தி. ஒவ்வொரு ஸ்பெஷல் ஜாம்பிக்கும் தனிக் குரல், தனி இசைக்குறிப்பு. பழைய ஆட்கள் திரையைப் பார்ப்பதற்கு முன்பே காதால் எதிரியைக் கண்டுபிடிப்பார்கள். இருமல் கேட்டால் ஸ்மோக்கர். வயிறு குமுறும் சத்தம் வந்தால் ‘பூமர்’. பக்கத்தில் வைத்து அதை வெடிக்கவிட்டால் உடம்பெல்லாம் பித்தம், அந்த வாடைக்கு மொத்தக் கூட்டமும் உங்கள் மேல்தான் பாயும்.

‘வாங்க மாட்டோம்’ என்று கிளம்பிய ரசிகர்கள்

2009 ஜூன். முதல் பாகம் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2-ம் பாகம் வருகிறது என்று வால்வ் அறிவித்தது. ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் பாகத்துக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்ன கூடுதல் கதைகள் எங்கே? அதற்குள் இன்னொரு முறை முழுக் காசு கேட்கிறார்களா? புறக்கணிப்புக் குழு ஒன்று ஸ்டீமில் உருவாகி, அதில் 30,000-க்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவர்களில் இருவரை வால்வ் தன் அலுவலகத்துக்கே வரவழைத்து, புதிய கேமை விளையாட வைத்தது.

2-ம் பாகம் நவம்பரில் திட்டமிட்டபடி வந்தது, நன்றாகவும் விற்றது. இன்று திரும்பிப் பார்த்தால், ரசிகர்கள் தோற்ற போராட்டம் மாதிரித் தெரியும். முழுக்க அப்படிச் சொல்லவும் முடியாது. பிறகு முதல் பாகத்தின் கதைகளை ஒவ்வொன்றாக 2-ம் பாகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2012-ல் அந்த வேலை முடிந்தது. ஒரே கேமில் இரண்டும் கிடைத்தன. அன்று கோபப்பட்டவர்கள் கேட்டதில் பெரும்பகுதி இதுதான்.

யாராவது ஒருத்தர் இறங்கணும்

2010 அக்டோபரில் வெளியான ‘தி சாக்ரிஃபைஸ்’ கதையைப் பற்றிக் கேட்டால் எந்தப் பழைய ரசிகரும் கொஞ்சம் நிதானமாகித்தான் பேசுவார். கடைசிக் காட்சியில் நால்வரும் தூக்குப் பாலத்தின் மேல் நிற்கிறார்கள். பாலம் முழுக்க உயர்ந்துவிட்டால் தப்பித்தார்கள். பாதியில் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. யாராவது ஒருவர் கீழே குதித்து அதை மறுபடி ஓட வைக்க வேண்டும். குதித்தவர் திரும்ப மேலே வர முடியாது.

அது யார் என்று கேம் சொல்லாது. கதைப்படி இறங்கிச் செத்தவர் பில். ஆனால் விளையாடும்போது யார் வேண்டுமானாலும் இறங்கலாம். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கும் அந்தச் சில விநாடிகள்! சில டீம்களில் சண்டை வரும், சிலவற்றில் நான்கு பேரும் ‘நான் போறேன்’ என்று ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். இன்னொரு வகையும் உண்டு. யாரும் பேசாமல் நிற்க, அதுவரை மைக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசாத யாரோ ஒரு முகம் தெரியாத பிளேயர் சட்டென்று குதித்துவிடுவார். பெயர் தெரியாது. எந்த நாடு என்றும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் போய்விடுவார்.

இதற்கு முன்பே, 2010 ஏப்ரலில் வெளியான ‘தி பாஸிங்’ கதையில் ஜெனரேட்டர் பக்கத்தில் பில்லின் உடல் கிடப்பதைப் பார்க்க முடிந்தது. யார் இறந்தார் என்பதை முதலில் காட்டிவிட்டு, எப்படி என்பதைப் பிறகு விளையாட வைத்தார்கள்.

எல்லாம் இருந்தும் ஏதோ குறைந்தது

வால்விடமிருந்து பிரிந்துவந்து மறுபடி தனி நிறுவனமான டர்டில் ராக், 2021 அக்டோபரில் ‘பேக் 4 பிளட்’ என்ற கேமை வெளியிட்டது. பெயரே சொல்லும், யாருக்காக எடுத்தது என்று. நான்கு பேர், ஜாம்பிக் கூட்டம், பாதுகாப்பு அறை எல்லாம் இருந்தன. கூடவே திறமைகளைக் கூட்டும் கார்டு சீட்டுக்கட்டு, துப்பாக்கியில் மாட்டும் உதிரிபாகங்கள், கேமுக்குள்ளேயே காசு, கடை. ஒரு ஆண்டு கொஞ்சம் கடந்ததும், 2023-ன் தொடக்கத்தில், இனி இதற்குப் புதிய கதைகள் வராது என்று அறிவித்துவிட்டார்கள். கேம் வெளியான சில மாதங்களிலேயே, ஸ்டீமில் ஒரே நேரத்தில் விளையாடுவோர் எண்ணிக்கையில் 2009-ன் பழைய கேம் அதை முந்திவிட்டது. புதிய கேம் கன்சோல்களிலும் கேம் பாஸ் சந்தாவிலும் கிடைத்தது என்பதால் இந்த ஒப்பீடு முழுமையானதல்ல. ஆனாலும் பழைய ரசிகர்கள் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

மோசமான கேம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. பிரச்சினை வேறு இடத்தில். கார்டு வந்ததும் கேள்வி மாறிவிடுகிறது. ‘நம்ம நாலு பேரும் எப்படிப் போகலாம்’ என்பது போய், ‘என் ஆளை எப்படி வலுவாக்கலாம்’ என்று ஆகிறது. ‘லெஃப்ட் 4 டெட்’டில் சேர்த்துவைக்க எதுவுமே இல்லை. அனுபவப் புள்ளி கிடையாது, லெவல் கிடையாது. ஆயிரம் மணி நேரம் ஆடியவருக்கும் இன்றுதான் டவுன்லோடு செய்தவருக்கும் அதே 100 ஹெல்த், அதே கைத்துப்பாக்கி.

பழைய ரசிகரே வில்லன் ஆகும் இடம்

இவ்வளவு சொன்னபின் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். புதிதாக இன்று இந்த கேமுக்குள் நுழைபவருக்கு மிகப் பெரிய ஆபத்து ஸ்மோக்கரோ டேங்கோ இல்லை. ஆயிரம் மணி நேரம் ஆடிய பழைய ரசிகர்தான்.

அவருக்கு எல்லா வழியும் மனப்பாடம். எங்கே குதித்தால் குறுக்குவழி, எங்கே நின்றால் கூட்டம் வந்து சேராது, எல்லாம் தெரியும். அதனால் நிற்காமல் ஓடுவார். புதியவர் அப்போதுதான் சுவரில் எழுதியிருக்கும் கிறுக்கல்களை வாசித்துக்கொண்டிருப்பார். அந்தக் கிறுக்கல்களும் வாசிக்க வேண்டியவைதான். தொலைந்துபோனவர்களைத் தேடுபவர்கள் எழுதியது, அதன் கீழே யாரோ எழுதிய கிண்டல் என்று பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் டீம் இருக்காது. ஹன்டர் இருக்கும்.

அடுத்து ஓட்டெடுப்பு. பெரும்பான்மை ஓட்டு இருந்தால் ஒரு பிளேயரை வெளியேற்றலாம். தொல்லை தருகிறவர்களுக்காக வைத்த வசதி. ஆனால் தெரியாமல் கார் அலாரத்தைச் சுட்டதற்காகவும், வழி தெரியாமல் நின்றதற்காகவும் புதியவர்களை வெளியே தள்ளுவதும் நடக்கிறது. நான்கு நான்கு பேராக மோதும் ‘வெர்சஸ்’ மோடில் இது இன்னும் அதிகம். வசைகள் வேறு.

கேம் தயாரித்தவர்களின் தப்பா இது? அப்படிச் சொல்ல முடியாது. டைரக்டர் ஜாம்பியை இடம் மாற்றலாம், மழை பெய்ய வைக்கலாம், வழியை அடைக்கலாம். ஆளுக்குப் பழகிப்போவதை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை. பயம் போன இடத்தில் கூட இருப்பவரின் தேவையும் போய்விடுகிறது. அடுத்தவர் இல்லாமல் நகர முடியாது என்ற விதியின் மேல் கட்டிய கேமில், மிகவும் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும் அடுத்தவர் ஒரு சுமை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆள் இல்லாத இடத்தை நிரப்பும் பாட்கள் அப்படிச் செய்வதில்லை. அவற்றுக்குப் பெட்ரோல் குண்டு வீசத் தெரியாது, பைப் குண்டு எறியத் தெரியாது. ஆனால் நீங்கள் விழுந்தால் ஓடிவந்து தூக்கும். உங்களைவிட்டு ஓடாது. ‘மனுஷங்களைவிட பாட் தேவலை’ என்று நொந்துபோய்த் தனியாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட பழைய ரசிகர்களும் உண்டு. முன்னால் ஓடாமல் கடைசி ஆளாக நடப்பவர்கள் இவர்கள். தன் மாத்திரையைத் தூக்கி முதல் ஆளிடம் கொடுப்பார்கள். விட்ச் அழும் சத்தம் கேட்டால் “டார்ச் ஆஃப்” என்று ஒரு வரி டைப் செய்வார்கள். எங்கே எதிரி வரும் என்று தெரிந்தும் சொல்ல மாட்டார்கள். முதல் முறை பயப்படும் சந்தோஷத்தை அடுத்தவருக்குக் கெடுக்கக் கூடாது என்பதில் கறாராக இருப்பார்கள்.

கேமை உயிரோடு வைத்திருப்பதும் ரசிகர்கள்தான். வால்வ் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஆண்டுகளில் மேப்களையும் முழுநீளக் கதைகளையும் செய்து பகிர்ந்தவர்கள் அவர்கள். 2020 செப்டம்பரில் வெளியான ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ அப்டேட் மொத்தமும் ரசிகர்கள் செய்தது. வால்வ் அதை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. புதிய கதை, மேப்கள் மட்டுமல்ல, கேமின் ஃபைல்களுக்குள் பயன்படுத்தாமல் கிடந்த வசனங்களையும் தேடி எடுத்து உயிர் கொடுத்திருந்தார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறீர்களா?

ரத்தமும் சதையும் தெறிக்கும் கேம் இது. 2009-ல் ஆஸ்திரேலியாவில் 2-ம் பாகத்தின் முழு வடிவத்துக்கு அனுமதியே கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. சின்னப் பசங்களுக்கு வேண்டாம்.

மற்றவர்கள் நேராக 2-ம் பாகத்தை எடுக்கலாம், முதல் பாகத்தின் கதைகளும் அதிலேயே இருக்கின்றன. பழைய கேம் என்பதால் சாதாரண லேப்டாப்பே தாங்கும். ஸ்டீம் தள்ளுபடி சீசனுக்குக் காத்திருந்தால் ஒரு காபி, டிபன் காசில் முடிந்துவிடும். தெரிந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ‘நார்மல்’ லெவலில் தொடங்குங்கள். ‘ஹார்டு ரெய்ன்’ கதையை மட்டும் அவசரப்படாமல் ஆடுங்கள். கரும்பாலை வழியாகப் போய் டீசல் எடுத்துக்கொண்டு, போன பாதையிலேயே திரும்பி வர வேண்டும். திரும்பும்போது புயல். வெள்ளத்தில் பாதை தெரியாது. காற்றின் இரைச்சலில் கூட இருப்பவர் பேசுவதுகூட சரியாகக் கேட்காது.

வழியில் செத்துப்போனாலும் கவலை வேண்டாம். கொஞ்ச நேரத்தில் எங்கோ முன்னால், ஒரு பூட்டிய சிறிய அறைக்குள் மறுபடி உயிரோடு நிற்பீர்கள். உள்ளிருந்து நீங்களாகக் கதவைத் திறக்க முடியாது. மற்றவர்கள் அந்த வழியாக வந்து, உங்கள் குரல் கேட்டுத் திறக்க வேண்டும். கையில் ஹெல்த் இல்லாத டீம் சில சமயம் அந்தக் கதவைத் தாண்டி நேராகப் பாதுகாப்பு அறைக்குப் போய்விடும். அப்போது அவர்களை என்ன திட்டுவது என்பது உங்கள் விருப்பம்.